முத்துகிருஷ்ணன் போஸ்ட்டை விட்ட கதை

கலைத்துறவு பூணுவது என்று முத்துகிருஷ்ணன் முடிவெடுத்தது ஒரு புதன்கிழமை, காலை பதினொரு மணிக்கு, ஆபீஸில் டீ வருவதற்குச் சற்று முன்னால்.

அந்தமானில், மரைன் ஹில்லில் ஒரு சர்க்கார் ஆபீஸில் அவர் ஹெட் கிளார்க். ராமநாதபுரத்திலிருந்து கப்பலேறி வந்து இருபத்தாறு வருஷம் ஆகிறது. இதில் கடைசி எட்டு வருஷம் அவர் ஹெட் கிளார்க்காக இருந்தது சம்பளத்துக்கு மட்டும்தான். மனசுக்குள் அவர் புகைப்படக் கலைஞர். அதற்கான சாமான்களும் இருந்தன. கறுப்பாக ஒரு கேமரா. அதன் முகத்தில் சுரைக்காய் நீளத்துக்கு ஒரு லென்ஸ். காக்கி நிறத்தில் எட்டுப் பாக்கெட் வைத்த சட்டை. ஏழு பாக்கெட்டில் ஒன்றும் கிடையாது. எட்டாவதில் கொசுக்கடிக்குத் தடவுகிற களிம்பு.

ஞாயிற்றுக்கிழமை என்றால் நாலரைக்கே எழுந்துவிடுவார். தீவில் சூரியனும் அவசரக்காரன், ஐந்து மணிக்கெல்லாம் மேலே வந்து நிற்பான். கராச்சர்மாவில் இருக்கிற வீட்டிலிருந்து ஸ்கூட்டரை உருட்டிக்கொண்டு கிளம்பி, சிப்பிகாட் சதுப்பில் முழங்கால் சேற்றில் நின்று பறவை பிடிப்பார். படமாகத்தான். பத்து மணிக்கு வீடு திரும்பி, முந்நூறு படத்தில் மூன்றைப் பொறுக்கி, ‘என் பார்வையில் அந்தமான்’ என்ற தன் பக்கத்தில் ஏற்றுவார். ஏற்றுவது லேசுப்பட்ட காரியமில்லை. நெட் வட்டமடித்து வட்டமடித்து ஒரு படம் மேலே போய்ச் சேர்வதற்குள் அந்தப் பறவை கூடு கட்டிக் குஞ்சே பொரித்திருக்கும்.

பிறகு லைக் எண்ணுவார். நாற்பது வரை வரும். அதில் பதினாறு, ஹெட் கிளார்க் தங்கள் லீவு விண்ணப்பத்தை எங்கே தொலைத்துவிடுவாரோ என்று ஆபீஸ்காரர்கள் பயந்து போட்டவை. அது அவருக்கும் தெரியும். ஆனாலும் லைக் லைக்தான்.

இப்படிக் குறையில்லாமல் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில், ஆறு மாசத்துக்கு முன்னால், மாடிப் போர்ஷனுக்குச் சிவபிரகாஷ் குடிவந்தான். மதுரைப் பக்கம். பேங்க் வேலை. முப்பத்தைந்து வயசு. மனைவி சுதா. அவனிடம் கேமராவே கிடையாது. போன்தான். பஸ் ஜன்னலில் மழை, படகுத்துறை ஜெட்டியில் தூங்குகிற நாய், காய்கிற கைலி என்று எதிர்ப்பட்டதை எல்லாம் எடுப்பான். எடுத்து, ‘சும்மா ஒரு கிளிக்’ என்று எழுதிப் போட்டுவிடுவான்.

அவன் சும்மா போட்டதை முத்துகிருஷ்ணனும் சும்மா விட்டிருப்பார். ஆனால் அந்த நாய்ப் படத்துக்குக் கீழே ஒரு கமெண்ட் இருந்தது.

‘என்ன ஒரு பார்வை தம்பி. இந்த நாயோட தூக்கத்துல ஒரு நிம்மதி தெரியுது. ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே இருந்தேன்.’

எழுதியவர்: வைஜெயந்தி முத்துகிருஷ்ணன்.

தன் மனைவி எழுதியது ஒரு அடி என்றால், அந்தப் பெயருக்குப் பின்னால் தன் பெயரும் ஒட்டிக்கொண்டு நின்றது இன்னொரு அடி. என்னவோ அவரும் சேர்ந்து ரசித்த மாதிரி.

எட்டு வருஷத்தில் அவருடைய படங்களுக்கு வைஜெயந்தி போட்டது எல்லாம் கட்டைவிரல். ஒரே ஒரு தடவை கமெண்ட் எழுதியிருக்கிறாள். செந்நாரை ஒன்று சிறகு விரித்த படம். அதற்குக் கீழே, ‘வரும்போது தயிர் வாங்கிட்டு வாங்க.’

அடுத்த நாள் காலை தோசைக்கு முன்னால் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டார்.

“அந்த நாய்ப் படத்துல அப்படி என்ன இருக்கு?”

“எந்த நாய்ங்க?”

“ஜெட்டில படுத்திருந்த நாய்.”

“ஓ, அதுவா. அழகா இருந்துச்சு.”

“ஃபோகஸே இல்ல அதுல. நாயை விட்டுட்டு, பின்னாடி இருந்த டீசல் டிரம்முக்குப் போயிருச்சு ஃபோகஸ்.”

“டிரம்மும் அழகாத்தான் இருந்துச்சு.”

தோசை இறங்கவில்லை. அன்றிலிருந்து அவர் பறவையைக் குறிவைப்பது குறைந்து, மாடியைக் குறிவைப்பது அதிகமானது. சிவபிரகாஷ் படம் போட்டால் போதும், அஞ்சு நிமிஷத்தில் கீழே வைஜெயந்தியின் சிவப்பு ஹார்ட் வந்து உட்காரும். ஆபீஸில் கோப்புக்குள் போனை வைத்து அதை எண்ணினார். மார்ச்சில் ஒன்பது ஹார்ட். ஏப்ரலில் பதினான்கு. அவருக்கு இருந்ததே ஒரு ஹார்ட். அது ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் ஒரு தடவை அடித்துக்கொண்டது.

இந்தப் புழுக்கத்திலும் அவருக்கு ஒரு விசிறி இருந்தது. மாடி வீட்டுச் சுதா. அவர் போட்ட மீன்கொத்திப் படத்துக்கு அவள் எழுதியிருந்தாள்: ‘அண்ணா, அந்தக் கண்ணுல ஒரு ஏக்கம் தெரியுது. பறவையை இல்ல, அதோட மனசைப் படம் எடுத்திருக்கீங்க.’

முத்துகிருஷ்ணன் அதை ஏழு தடவை படித்தார். இவ்வளவு ரசனையுள்ள பெண்ணை டிரம்முக்கு ஃபோகஸ் வைக்கிறவனுக்குக் கட்டிக்கொடுத்துவிட்டார்களே என்று வருந்தினார். மாடிப்படியில் எதிரே வரும்போதெல்லாம் சிவபிரகாஷின் முகம் கடுகடுவென்று இருந்தது. கலைஞனைப் பார்த்தால் கத்துக்குட்டிக்கு அப்படித்தான் இருக்கும் என்று பெருந்தன்மையாக வழிவிட்டு நின்றார்.

ஆனால் சொந்த வீட்டு ஹார்ட் மாடியேறிப் போய்க்கொண்டிருக்கும்போது அடுத்த வீட்டு ரசனையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வைஜெயந்தியின் போன் மேஜையில் கிடந்தது. ஒரு மெசேஜ் வந்து வெளிச்சம் போட்டது. எப்போதும் அந்தத் திரையில் முருகன் நிற்பார். இப்போது முருகனைக் காணோம். அவர் நின்ற இடத்தில் சிவபிரகாஷ் எடுத்த பஸ் ஜன்னல் மழை ஒழுகிக்கொண்டிருந்தது.

அதனால்தான் புதன்கிழமை பதினொரு மணிக்கு அந்த முடிவு.

திட்டம் எளிது. ‘அவன் படத்துக்கு நீ ஹார்ட் போடாதே’ என்று சொன்னால் பொறாமை என்பாள். உண்மை அதுதான் என்பதால் மறுக்கவும் முடியாது. அதுவே, ‘நான் இந்த உலகத்தைத் துறக்கிறேன், நீயும் வா’ என்று கூப்பிட்டால்? அது தத்துவம். தத்துவத்துக்கு எந்தப் பெண்டாட்டியால் பதில் சொல்ல முடியும்?

அன்று சாயங்காலம் அடுப்படி வாசலில் போய் நின்றார்.

“வைஜு, நான் போஸ்ட்டை விட்டுடலாம்னு இருக்கேன்.”

மாவு கரைத்துக்கொண்டிருந்த கை நின்றது. “இன்னும் ஏழு வருஷம் சர்வீஸ் இருக்கேங்க.”

“அந்தப் போஸ்ட் இல்ல. நெட்ல போடுற போஸ்ட்.”

“அதுவா.” கை மறுபடியும் கரைக்க ஆரம்பித்தது.

“லைக்குக்காக எடுக்கிற படம் எதுக்கும் லாயக்கில்லாத படம், வைஜு.” இந்த வரியை அவர் மத்தியானம் ஒரு கோப்பின் பின்னட்டையில் எழுதிப் பார்த்து மனப்பாடம் செய்திருந்தார். “கலைங்கிறது கடைச்சரக்கா, வாசல்ல தொங்கவிட? நான் யோசிச்சுட்டேன். இனிமே ஒண்ணையும் போடுறதில்ல.”

“நல்ல யோசனைங்க.”

“ஆனா ஒரே வீட்டுல ஒருத்தர் விட்டு ஒருத்தர் வச்சிருந்தா அது துறவு ஆகாது. துறவுன்னா முழுசா இருக்கணும். நீயும் விட்டுடணும். பாக்குறது, ஹார்ட் போடுறது, கமெண்ட் எழுதுறது, எல்லாத்தையும்.”

சண்டை வரும் என்று நாலு பதில் தயாராக வைத்திருந்தார்.

“சரிங்க,” என்றாள் வைஜெயந்தி.

“சரியா?”

“சரின்னுதான சொன்னேன்.” கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். அவர் கண் முன்னாலேயே அந்த ஆப்பை அழித்தாள். பஸ் ஜன்னலையும் எடுத்துவிட்டு முருகனைப் பழைய இடத்தில் நிறுத்தினாள். “போதுமா?”

நாலு பதிலும் வீணாகிப் போனதில் முத்துகிருஷ்ணனுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். ஆனால் ஜெயித்தது ஜெயித்ததுதானே. திரும்பி நடந்தார்.

“அப்ப ஞாயித்துக்கிழமை காலையில வீட்டுலதான இருப்பீங்க?” என்று முதுகுக்குப் பின்னால் குரல் வந்தது.

“ஏன்? படம் போடுறதைத்தான விட்டேன். எடுக்கிறதை எங்க விட்டேன்?”

“ஒருத்தருக்கும் காட்டாத படத்துக்கு எதுக்குங்க முழங்கால் சேத்துல நிக்கணும்? அதுவும் ஒரு ஆசைதான. துறவுன்னா முழுசா இருக்கணும்னு இப்பத்தான் சொன்னீங்க.”

தத்துவத்துக்குப் பதில் சொல்ல முடியாதது எவ்வளவு கஷ்டம் என்பது அவருக்கு அப்போதுதான் புரிந்தது.

அன்றே தன் பக்கத்தில் ஒரு விடைபெறும் கடிதம் எழுதிப் போட்டார். கண்ணீர் வரவழைக்கும் கடிதம். ‘போகாதீர்கள்’ என்று ஒரு பெருங்கூட்டம் வந்து காலைப் பிடிக்கும், ஒரு நாள் பிகு செய்யலாம் என்று எதிர்பார்த்தார். கடிதத்துக்கு அறுபத்திரண்டு லைக் வந்தது. எட்டு வருஷத்தில் அவர் போட்ட எதற்கும் அவ்வளவு வந்ததில்லை. கமெண்ட் ஒன்றே ஒன்று, ஆபீஸ் ஒச்சப்பனுடையது. ‘நல்ல முடிவு சார்.’

ஞாயிற்றுக்கிழமை ஐந்தரைக்கு, “பானி ஆ கயா” என்று எதிர்வீட்டுப் பெங்காலி அம்மாள் சந்து முழுக்கக் கேட்கிற மாதிரிக் குரல் கொடுத்தாள். கராச்சர்மாவில் தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் வரும். வந்தால் அரை மணி. முத்துகிருஷ்ணன் எட்டு வருஷத்தில் ஒரு ஞாயிறுகூட அதைப் பார்த்ததில்லை. டேங்க் அது பாட்டுக்கு நிரம்புகிறது என்று நினைத்திருந்தார். டேங்க், டிரம், பானை, வாளி என்று ஓடி ஓடிப் பிடித்து முடித்தபோது முதுகு விண்விண்ணென்று வலித்தது. கையில் ஒரு பையைக் கொடுத்து மீன் மார்க்கெட்டுக்கு அனுப்பினாள் வைஜெயந்தி.

மார்க்கெட்டில் ஒரு முதுகு தெரிந்த மாதிரி இருந்தது. திரும்பியது. சிவபிரகாஷ். அவன் கையிலும் பை. போனைக் காணோம்.

“என்ன தம்பி, இன்னைக்கு கிளிக் ஒண்ணும் இல்லையா?”

“விட்டுட்டேன்ணே.”

“எதை?”

“போட்டோவை. பக்கத்தையே அழிச்சிட்டேன். நாலு நாளாச்சு.” அவன் ஒரு மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்தான். “மனசு அமைதி வேணும்ல.”

முத்துகிருஷ்ணனுக்கு இந்த வாசகம் எங்கோ கேட்ட மாதிரி இருந்தது. தன் விடைபெறும் கடிதத்தின் இரண்டாவது பத்தி.

“தாதா, சுர்மாய் லேலோ, ஏக்தம் தாஜா,” என்று மீன்காரன் ஒரு புத்தம்புது வஞ்சிரத்தைத் தூக்கிக் காட்டினான். இரண்டு பேரும் அவனைப் பார்க்கவில்லை.

“நானும் விட்டுட்டேன்,” என்றார் முத்துகிருஷ்ணன்.

சிவபிரகாஷ் நிமிர்ந்தான். “நீங்களுமா? நீங்க ஏண்ணே விட்டீங்க? உங்களைத்தான் தூக்கி வச்சுக் கொண்டாடுறாளே.”

“யாரு?”

“சுதா. வேற யாரு?” அவன் பேச்சில் ஆறு மாசத்துக் கடுகடுப்பு ஒரே மூச்சில் வெளியே வந்தது. “மீன்கொத்தி கண்ணுல ஏக்கம், கொக்கு கழுத்துல கர்வம், நாரை நடையில நளினம். என் படத்துக்கு அவ இதுவரைக்கும் ஒரு வரி எழுதினதில்லண்ணே. ஒரு நாள் எழுதினா. என்னன்னு? ‘கேஸ் புக் பண்ணியாச்சா’ன்னு. எனக்கு எப்படி இருக்கும், சொல்லுங்க. அதான், போதும்டா சாமின்னு, நம்ம ரெண்டு பேரும் இந்த நெட்டையே விட்டுடலாம்னு அவகிட்ட சொல்லிட்டேன்.”

“உடனே சரின்னு சொல்லியிருப்பாளே.”

“ஆமாண்ணே. எப்படித் தெரியும்?”

முத்துகிருஷ்ணன் பையை இறக்கி வைத்துவிட்டு, நாய், டிரம், பதினான்கு ஹார்ட், இடம் மாறிய முருகன் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். சொல்லச் சொல்லச் சிவபிரகாஷின் முகம் முதலில் மலர்ந்தது, பிறகு யோசித்தது, பிறகு வெளிறியது. அவருடைய முகமும் கொஞ்சம் முன்னால் அதே வழியில்தான் போயிருந்தது. இரண்டு வீட்டிலும் ஒரே கதை, ஒரே ‘சரி’ என்றால் இது பேசிவைத்துச் செய்த வேலை. மீன் வாங்க வந்தவர்கள் இரண்டு பேரும் மாட்டின மீன் மாதிரி வாயைத் திறந்துகொண்டு நின்றார்கள்.

இரண்டு பேரும் வீட்டுக்கு வந்தபோது வைஜெயந்தியும் சுதாவும் கூடத்தில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். முத்துகிருஷ்ணன் ஆபீஸில் விசாரணை நடத்துகிற குரலை எடுத்தார்.

“வைஜு. சிவபிரகாஷ் படத்துக்கு நீ எழுதினதெல்லாம் நீ எழுதினதா?”

“இல்லங்க,” என்றாள் அவள், கொஞ்சமும் அசையாமல். “எனக்கு அந்தத் தம்பி படத்தைப் பத்தி என்ன தெரியும்? சுதா எழுதி அனுப்புவா, நான் ஒட்டுவேன். உங்க படத்துக்கு நான் எழுதி அனுப்புவேன், அவ ஒட்டுவா.”

சுதா டீயைப் பார்த்துக்கொண்டு, “அக்கா, சீனி கொஞ்சம் கம்மியா இருக்கு,” என்றாள்.

சிவபிரகாஷ் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். “அப்ப அந்த நாய் தூக்கத்துல நிம்மதின்னு எழுதினது நீயா சுதா?” அவன் குரலில் கோபம் வர வேண்டிய இடத்தில் வேறு என்னவோ வந்தது.

முத்துகிருஷ்ணனுக்கும் அதேதான். ஏழு தடவை படித்த வரி. ஊரிலேயே ரசனையுள்ள ஒரே ஆள் என்று நினைத்த ஆள் இத்தனை நாளும் தனக்கே தோசை சுட்டுப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

“அந்த மீன்கொத்தி கண்ணுல ஏக்கம்னு நீயா எழுதின?” என்று கேட்டார். “நிஜமாவே தெரிஞ்சுதா உனக்கு?”

“அன்னைக்கு என் போன்ல நெட்டே வரலங்க. படத்தை எங்க பாத்தேன்? பறவைன்னு சுதா போன்ல சொன்னா, எழுதிக் கொடுத்தேன்.” டம்ளரைக் கீழே வைத்தாள். “அன்னைக்குக் காலையில நீங்க சிப்பிகாட்ல நின்னுட்டு இருந்தீங்க. நான் இங்க டேங்க் பக்கத்துல ஹோஸைப் பிடிச்சிட்டு நின்னுட்டு இருந்தேன். ஏக்கம்னு எழுதுறதுக்குப் பறவையைப் பாக்கணுமா?”

அவளே அடுத்ததையும் கேட்டாள்.

“எட்டு வருஷத்துல எத்தனை படம் எடுத்திருப்பீங்க?”

“ஒரு லட்சத்துக்கு மேல இருக்கும்.”

“அதுல எத்தனையில நான் இருக்கேன்?”

முத்துகிருஷ்ணன் மனசுக்குள் தேடினார். கார்பின்ஸ் கோவ் கடற்கரையில் ஒரு படம் ஞாபகம் வந்தது. உள்ளான் பறவை ஒன்று அலையோரமாக ஓடுகிறது. ஓரத்தில் அவள் முந்தானை கொஞ்சம் வந்திருந்தது. அதை வெட்டிவிட்டுத்தான் போட்டிருந்தார். இதைச் சொல்ல வேண்டாம் என்று முடிவெடுத்தார். அன்று அவர் எடுத்த ஒரே நல்ல முடிவு அது.

“நேரா வந்து சொல்லியிருக்கலாமே, வைஜு.”

“சொன்னேங்க. மூணு வருஷம் சொன்னேன். சத்தம் போடாத, பறவை பறந்துடும்னீங்க.”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். தோற்றது தோற்றதாக இருக்கட்டும். ஆனால் இத்தனை பாடும் தன் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்காக என்று நினைக்கும்போது உள்ளே எங்கோ இதமாகவும் இருந்தது. ஒரு மனுஷனுக்காக இரண்டு பெண்கள் ஆறு மாசம் உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள். எந்தக் கலைஞனுக்கு இது கிடைக்கும்? தொண்டையைச் சரிசெய்துகொண்டு, பெரிய மனசோடு சொன்னார்.

“சரி. இனிமே ஞாயித்துக்கிழமை முழுக்க நான் உனக்குத்தான்.”

“அதைத்தான் சொல்ல வந்தேன்,” என்றாள் வைஜெயந்தி. “அடுத்த ஞாயித்துக்கிழமை காலையில நீங்க எனக்கு ஒரு வேலை செய்யணும். பின்தெரு அழகர்சாமி இருக்காரே, கான்ட்ராக்டர். அவர் போன்ல மியூசிக்கை ஓடவிட்டுப் பாடிப் பாடி நெட்ல போடுறாராம். எட்டு மணிக்கு உக்காந்தா மத்தியானம்தான் எழுந்திரிக்கிறாராம். அவர் சம்சாரம் ஒச்சம்மா வெள்ளிக்கிழமை இங்க வந்து அழாத குறை. எங்க விஷயம் சுதா சொல்லித் தெரிஞ்சிருக்கு. எனக்கும் அப்படி ஒரு வழி பண்ணுங்கன்னு கையைப் பிடிச்சிக்கிட்டா.”

“அதுக்கு நான் என்ன செய்ய?”

“நீங்க ஒரு பாட்டுப் பாடிப் போடணும். ஒச்சம்மா அதுக்கு ஹார்ட் போட்டு, நாலு வரி எழுதுவா. ஒரு மாசத்துல அழகர்சாமி பாட்டை விட்டுடுவார்.”

“நான்தான் நெட்டையே துறந்துட்டேனே.”

“அது போட்டோவுக்கு. பாட்டுக்கு இல்ல.”

முத்துகிருஷ்ணன் சிவபிரகாஷைப் பார்த்தார். அவன் கூரையைப் பார்த்தான்.

“ஒச்சம்மா என்னைப் புகழ்ந்து எழுதினா உனக்கு ஒண்ணும் இருக்காதா?” என்று கடைசியாக ஒரு கல்லை எறிந்து பார்த்தார்.

“எழுதிக் கொடுக்கப் போறதே நான்தானங்க.”

“எனக்குப் பாட்டு வராதே, வைஜு.”

“போட்டோ மட்டும் வந்துச்சா?” என்றாள் வைஜெயந்தி, காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டே.